திறப்பு யாரிடம்? மல்லாவித் தம்பி கேட்ட கிரிப்டோ சொற்களுக்கு ஒரு நீண்ட பதில்

மல்லாவியில் இருந்து ஒரு தம்பி சொற்பட்டியல் ஒன்றை அனுப்பி விளக்கம் கேட்டிருக்கிறார். ஹாஷ், நொன்ஸ், ஹாவிங், 51 வீதத் தாக்குதல், ஸ்டேக்கிங், கேஸ், மெம்பூல், ஒரேக்கிள், லிக்விடிட்டி பூல், பிரிட்ஜ், சீட் பிரேஸ், கடைசியாக ரக் புல். பட்டியல் எங்கேயிருந்து வந்தது என்றும் எழுதியிருக்கிறார். ஒரு மண்டபத்தில் கூட்டம் வைத்து, பற்றீசும் சோடாவும் கொடுத்து, "எதீரியம் ஸ்டேக்கிங் திட்டம், மாதம் 8 வீதம் நிச்சயம்" என்று ஒருவர் இரண்டு மணித்தியாலம் பேசினாராம். தம்பியிடம் கனடாப் பெரியம்மா அனுப்பிய காசும் பழைய லாண்ட்மாஸ்டர் விற்ற காசும் இருக்கிறது. "போடலாமா என்று கேட்கவில்லை அண்ணை, சொல்லுகளின் அர்த்தம் விளங்கினால் நானே முடிவெடுப்பேன்" என்று முடித்திருக்கிறார். அந்தக் கடைசி வரி பிடித்துப்போனதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒரு வரி. கிளிநொச்சியில் கொம்பியூட்டர், போன் திருத்தும் சின்னக் கடை வைத்திருக்கிறேன். 2017இல் இருந்து இந்தக் கிரிப்டோவைக் கிண்டிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் உழைத்தேன், அதைவிடக் கொஞ்சம் கூடவே விட்டேன். விட்டதில் படித்தது ஒன்றுதான். இந்த உலகத்தில் எந்தச் சொல்லைக் கேட்டாலும் முதலில் "இதிலே திறப்பு யாருடைய கையில்?" என்று கேட்டுப் பார்க்க வேண்டும். பாதிச் சொற்கள் அதிலேயே விளங்கிவிடும்.

முதலில் கொப்பி. ஊரில் சீட்டுப் பிடிக்கிற அக்காவிடம் ஒரு சீஆர் கொப்பி இருக்கும். யார் கட்டினார், யார் எடுத்தார் எல்லாம் அதில். அந்தக் கொப்பி தொலைந்தால், அல்லது அக்கா ஒரு இரவில் பக்கத்தைக் கிழித்தால், இருபது பேரும் வாய்ச்சண்டைதான். இப்போது இருபது பேரிடமும் ஒரே கொப்பி இருக்கிறது, ஒவ்வொரு பக்கம் முடியும்போதும் இருபது பேரும் அதை ஒரே மாதிரி எழுதிக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். பக்கம்தான் புளொக். கொப்பிதான் புளொக்செயின். "செயின்" என்பது எங்கே வருகிறதென்றால், ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் முந்தைய பக்கத்தின் கைரேகையை எழுதவேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. அந்தக் கைரேகைக்குத்தான் ஹாஷ் என்று பெயர். பிட்கொயின் என்ற முதல் கிரிப்டோ நாணயம் பாவிப்பது ஷா-256 என்ற முறை. நீங்கள் ஒரு சொல்லைப் போட்டாலும் சரி, ஒரு முழுப் புத்தகத்தைப் போட்டாலும் சரி, எண்ணும் எழுத்தும் கலந்த 64 இலக்க வரி ஒன்றுதான் வெளியே வரும். கடைக்கு வரும் பெடியளுக்கு இதை நான் செய்தே காட்டுவேன். "நெல் 10 மூடை கொடுத்தேன்" என்று தட்டி வரும் வரியைத் தாளில் எழுதச் சொல்வேன், பிறகு 10ஐ 11 ஆக்குவேன். ஒரு இலக்கம் மாறும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். வரி முழுக்கத் தலைகீழாகிவிடும். ஆகவே பழைய பக்கத்தில் யாராவது ஒரு புள்ளியை மாற்றினாலும் அந்தப் பக்கத்தின் கைரேகை மாறும், அதனால் அடுத்த பக்கத்தின் தலை பொருந்தாது, அதற்கடுத்ததும் பொருந்தாது. திருட்டு உடனே பிடிபடும்.

இந்தக் கொப்பியின் முதல் பக்கத்தின் திகதி எங்களைப் போன்றவர்களுக்கு மறக்காது. பிட்கொயினின் முதல் புளொக் 2009 ஜனவரி 3. கிளிநொச்சி வீழ்ந்தது ஜனவரி 2. சதோஷி நகமோட்டோ என்ற பெயரில் ஒளிந்திருந்த யாரோ ஒருவர் அன்றைய லண்டன் டைம்ஸ் தலைப்பை, வங்கிகளுக்கு அரசு இரண்டாவது தடவை கைகொடுக்கப் போகிறது என்ற செய்தியை, அந்தப் பக்கத்துக்குள் பொதிந்து வைத்தார். அந்தக் கிழமை நாங்கள் தருமபுரம் பக்கம் தறப்பாளின் கீழ் இருந்தோம், அம்மா காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி இடுப்பில் கட்டியிருந்தா. எத்தனையோ பேர் நகையைக் கிணற்றடியில் தாட்டுவிட்டு வந்தார்கள். உலகத்தில் ஒருவர் "யாரையும் நம்பாமல் கணக்கு வைப்பது எப்படி" என்று யோசித்துக்கொண்டிருந்த அதே நாட்களில், எங்கள் சனம் கணக்கு, உறுதி, நகை எல்லாவற்றையும் தோளில் சுமந்துகொண்டு ஓடியது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் திறப்பைத் தானே வைத்திருப்பது என்றால் என்ன பாரம் என்று வன்னிச் சனத்துக்கு யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

சரி, அடுத்த பக்கத்தை எழுதும் உரிமை யாருக்கு? பிட்கொயினில் அதற்கு மைனிங். "கடினமான கணக்கைத் தீர்க்கிறார்கள்" என்று எல்லோரும் சொல்வார்கள், அது சரியான விளக்கம் இல்லை; அது லொத்தர் சுரண்டுவது போன்றது. பக்கத்தின் அடியில் ஒரு வெற்றிடம் இருக்கிறது, அதில் ஏதாவது ஒரு எண்ணைப் போட்டுக் கைரேகை எடுக்கவேண்டும், அந்தக் கைரேகை குறிப்பிட்ட அளவு பூச்சியங்களோடு தொடங்கவேண்டும். தொடங்கவில்லையா, எண்ணை மாற்று, திரும்பவும் எடு. அந்த எண்தான் நொன்ஸ். கோடானுகோடி தடவை மாற்றி மாற்றிப் போட்டு முதலில் சரியானதைக் கண்டவருக்குப் பக்கமும் பரிசும். சராசரியாகப் 10 நிமிடத்துக்கு ஒரு பக்கம். ஆட்கள் கூடி வேகம் கூடினால், 2016 பக்கத்துக்கு ஒரு தடவை, கிட்டத்தட்ட இரண்டு கிழமைக்கு ஒருமுறை, பூச்சியத் தேவையை இறுக்கித் திரும்பவும் 10 நிமிடத்துக்குக் கொண்டுவரும். பரிசு முதலில் 50 பிட்கொயின். 2,10,000 பக்கத்துக்கு ஒருமுறை பாதியாகும், அதுதான் ஹாவிங். 2012, 2016, 2020, 2024 என்று நான்கு தடவை பாதியாகி இப்போது 3.125. இப்படியே போய் மொத்தம் 2 கோடி 10 இலட்சத்தைத் தாண்டாது. போனில் ஒரு செயலியை இறக்கி நாளுக்கு ஒருமுறை பொத்தானை அமத்துவது மைனிங் இல்லை. அதைச் செய்ய இதற்கென்றே செய்த இயந்திரங்களும் ஒரு சிறு ஊருக்குத் தேவையான மின்சாரமும் வேண்டும்.

51 வீதத் தாக்குதல் என்று ஒரு சொல்லும் பட்டியலில் இருந்தது. எழுதும் பலத்தில் பாதிக்கு மேல் ஒருவரிடம் போய்விட்டால், அவர் அண்மைப் பக்கங்களைக் கிழித்துவிட்டுத் தன் பக்கங்களை வைக்கலாம். பிட்கொயினில் அது நடக்கவில்லை, எதீரியம் கிளாசிக் என்ற சின்னச் சங்கிலியில் 2019இலும் 2020இலும் நடந்தது. சின்னக் கொப்பி என்றால் ஆபத்துக் கூட.

இனி தம்பிக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஸ்டேக்கிங். எதீரியம் என்பது பிட்கொயின் போல இன்னொரு கொப்பி, அதன் நாணயம் ஈதர். 2015இல் தொடங்கியபோது அதுவும் மைனிங்தான். 2022 செப்டம்பர் 15 அன்று "மேர்ஜ்" என்ற மாற்றத்தால் மைனிங்கை விட்டது, மின்செலவு 99 வீதத்துக்கு மேல் குறைந்தது. இப்போது பக்கம் எழுதும் உரிமை லொத்தர் சுரண்டுபவருக்கு இல்லை, பிணை வைப்பவருக்கு. 32 ஈதரைக் கட்டிவைத்தால் ஒரு வலிடேட்டர், அதாவது பக்கத்தைச் சரிபார்த்து எழுதுபவர், ஆகலாம். ஒழுங்காகக் கொம்பியூட்டரை ஓடவிட்டு வாக்களித்தால் சிறு வருமானம் வரும். ஒரே இடத்துக்கு இரண்டு முரணான பக்கத்தில் கையெழுத்துப் போட்டால் பிணையில் ஒரு பங்கை வெட்டி வெளியே தள்ளும், அதற்கு ஸ்லாஷிங் என்று பெயர். 32 ஈதர் இல்லாதவர்கள் சேர்ந்து போடும் பூல்களும் இருக்கின்றன; அங்கே போட்டால் பற்றுச்சீட்டு மாதிரி வேறொரு டோக்கன் (அதே கொப்பியில் பதியப்படும் வில்லை) தருவார்கள், அதை லிக்விட் ஸ்டேக்கிங் என்பார்கள்.

இதில் வருமானம் எவ்வளவு? கடந்த சில வருடங்களாக ஆண்டுக்கு 3, 4 வீத அளவில்தான். ஆண்டுக்கு. அதுவும் ஈதரில், ஈதரின் விலை பாதியாக விழுந்தால் உங்கள் 3 வீதம் எந்த மூலைக்கு? மாதம் 8 வீதத்தை வட்டிக்கு வட்டியாகக் கூட்டிப் பாருங்கள், ஒரு இலட்சம் வருட முடிவில் இரண்டரை இலட்சம். எதீரியத்தின் கொப்பி அப்படி ஒரு காசை யாருக்கும் எழுதுவதில்லை. மண்டபத்தில் பேசியவர் வேறு எங்கிருந்தாவது எடுத்துத் தரலாம், ஆனால் அதன் பெயர் ஸ்டேக்கிங் இல்லை.

கேஸ் என்பது எரிவாயு இல்லை, கூலி. மாசி, பங்குனியில் காலபோக அறுவடை முடிந்து நெல் ஆலையில் உழவு இயந்திரங்கள் வரிசையில் நிற்பது தெரியும்தானே. அந்த வரிசைதான் மெம்பூல். நீங்கள் அனுப்பிய பணம் பக்கத்தில் ஏறும்வரை அங்கேதான் காத்திருக்கும். ஆலைக்கு ஒரு நேரத்தில் இவ்வளவுதான் குத்தமுடியும், ஆகவே அவசரக்காரன் மூடைக்கு இருபது ரூபா கூடத் தருகிறேன் என்பான். எதீரியத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அளவு இருக்கிறது. ஒருவர் மற்றவருக்கு ஈதர் அனுப்ப 21,000 கேஸ். ஒரு கேஸின் விலையை ஜிவேயில் சொல்வார்கள், ஒரு ஜிவே என்பது ஈதரில் நூறு கோடியில் ஒரு பங்கு. விலை 20 ஜிவே என்றால் 21,000ஐ 20ஆல் பெருக்க 4,20,000 ஜிவே, அதாவது 0.00042 ஈதர். 2021 ஓகஸ்டுக்குப் பிறகு இந்தக் கூலியில் அடிப்படைப் பங்கை யாருக்கும் கொடுக்காமல் எரித்துவிடுகிறார்கள், மேலே போடும் "டிப்" மட்டும் வலிடேட்டருக்கு. ஒன்றைக் கவனியுங்கள், வேலை தோற்றுப்போனாலும் கூலி போகும். ஆலை ஓடியதற்கான காசு. அரிசி நொறுங்கினது உங்கள் பாடு.

அந்த வரிசை எல்லோர் கண்ணுக்கும் திறந்தே இருப்பதால் ஒரு கூத்து நடக்கும். நீங்கள் ஒரு டோக்கனைப் பெரிய தொகைக்கு வாங்க வரிசையில் நிற்பதை ஒரு ரோபோ பார்க்கிறது, கூடக் கூலி கொடுத்து உங்களுக்கு முன்னால் புகுந்து வாங்குகிறது, விலை ஏறுகிறது, நீங்கள் ஏறின விலைக்கு வாங்குகிறீர்கள், அடுத்த கணமே அது உங்களுக்குப் பின்னால் விற்றுவிடுகிறது. இரண்டு பாண் துண்டுக்கு நடுவே நீங்கள். அதனால்தான் சான்விச் தாக்குதல் என்று பெயர். சந்தையில் உங்கள் பேரம் காதில் விழுந்தவுடன் முந்தி ஓடும் தரகரை நாங்கள் பார்க்காததா.

ஸ்மார்ட் கொன்ட்ராக்ட், ஒரேக்கிள் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன், பிரித்தால் விளங்காது. சிறுபோகத்துக்கு முன்னால் இரணைமடுவில் கூட்டம் நடக்கும், குளத்தில் இத்தனை அடி தண்ணீர் இருந்தால் இத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று தீர்மானம் எழுதுவார்கள். இப்போது அப்படி ஒரு தீர்மானத்தையே ஒரு நிரலாக எழுதி, கதவும் அதன் கையிலேயே இருக்கிறது என்று வையுங்கள். தண்ணீர் 36 அடிக்கு வந்தால் வான்கதவு தானாகவே திறக்கும். பொறியியலாளரின் போன் அழைப்பும் இல்லை, அரசியல்வாதியின் சிபாரிசும் இல்லை. அதுதான் ஸ்மார்ட் கொன்ட்ராக்ட். ஆனால் தண்ணீர் எத்தனை அடி என்று அந்த நிரலுக்கு யார் சொல்வது? புளொக்செயினுக்குக் கண் கிடையாது, குளத்தை எட்டிப் பார்க்க அதனால் முடியாது. வெளி உலகத்துச் செய்தியை உள்ளே கொண்டுபோய்க் கொடுப்பதற்குத்தான் ஒரேக்கிள். அளவுகோல் பொய் சொன்னால் நிரல் ஒரு கேள்வியும் கேட்காமல் கதவைத் திறந்து ஊரை வெள்ளத்தில் விடும். டிஃபை என்ற, வங்கியில்லாமல் நிரலாலேயே கடனும் வியாபாரமும் நடக்கும் உலகத்தில் நடந்த பெரிய கொள்ளைகளில் கன விடயங்கள் இப்படித்தான். பூட்டை உடைக்கவில்லை, அளவுகோலை ஆட்டினார்கள்.

இந்த இடத்தில் கன பேர் கேட்கும் ஒரு கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். "எங்கட காணி உறுதிகளை புளொக்செயினில் போட்டால் பிரச்சினை தீருமா?" போட்டது அழியாது, உண்மை. ஆனால் போரில் உறுதி தொலைந்த காணிக்கும், ஒரே துண்டுக்கு இரண்டு அனுமதிப்பத்திரம் கொடுபட்ட காணிக்கும், சரியான சொந்தக்காரர் யார் என்று முதலில் ஒரு மனிதர்தான் தீர்மானித்து உள்ளே எழுதவேண்டும். பிழையை எழுதினால் பிழையும் அழியாது.

நிரல் எழுதியவருக்கே பிழைத்த கதை ஒன்று. 2016இல் "த டிஏஓ" என்று ஒரு கூட்டு முதலீட்டுப் பெட்டி. தலைவர், செயலாளர் இல்லாமல் டோக்கன் வைத்திருப்பவர்களின் வாக்கால் ஓடும் சங்கம், டிஏஓ என்ற சொல்லின் பொருளே அதுதான். காசு எடுக்கும்போது அந்த நிரல் முதலில் காசைக் கையில் கொடுத்தது, பிறகுதான் கொப்பியில் கழித்தது. ஒருவன் கழிக்கும் முன்பே திரும்பவும் கையை நீட்டினான், திரும்பவும் கொடுத்தது, திரும்பவும் நீட்டினான். ஏறக்குறைய 36 இலட்சம் ஈதர் போய்விட்டது. பிறகு எதீரியம் ஆட்கள் கூடிப் பேசி, ஜூலை மாதம் கொப்பியையே பிரித்து, காசைச் சொந்தக்காரருக்குத் திருப்பிய ஒரு கொப்பியோடு நடந்தார்கள். அது ஹார்ட் ஃபோர்க். "எழுதினது எழுதினதுதான், மாற்றக்கூடாது" என்று மறுத்தவர்கள் பழைய கொப்பியோடு நின்றார்கள், அதுதான் மேலே சொன்ன எதீரியம் கிளாசிக். மாற்றமுடியாத கொப்பி என்பது, மாற்றுவதில்லை என்று கன பேர் ஒத்துக்கொண்டிருக்கும்வரைதான். இதை யாரும் மண்டபத்தில் சொல்லமாட்டார்கள்.

லிக்விடிட்டி பூலுக்கு ஒரு கணக்குப் போடுவோம், இதில்தான் படித்தவர்களே வழுக்கி விழுகிறார்கள். ஒரு பெட்டியில் 100 மூடை நெல்லும் 10 இலட்சம் ரூபாவும் போடுகிறீர்கள். மூடை 10,000 ரூபா. யார் வேண்டுமானாலும் வந்து ஒரு பக்கம் போட்டு மறுபக்கம் எடுக்கலாம், வியாபாரி தேவையில்லை. ஒரே விதி, மூடையையும் ரூபாவையும் பெருக்கினால் வரும் தொகை மாறக்கூடாது. இங்கே அது 10 கோடி. ஆட்கள் தரும் சிறு தரகு உங்களுக்கு. நன்றாகத்தானே இருக்கிறது? இப்போது வெளியே நெல் விலை நான்கு மடங்காகி 40,000 ஆகிறது என்று வையுங்கள் (நெல் அப்படி ஏறாது, கிரிப்டோ ஏறும்). பெட்டிக்குள் மலிவாக இருப்பதைக் கண்டவர்கள் காசைப் போட்டு நெல்லை அள்ளுவார்கள், பெட்டி விலையும் 40,000 ஆகும்வரை. கடைசியில் பெட்டியில் 50 மூடையும் 20 இலட்சமும் இருக்கும். பெருக்கிப் பாருங்கள், அதே 10 கோடி. உங்கள் சொத்து, 50 மூடைக்கு 20 இலட்சமும் கையிலுள்ள 20 இலட்சமும், 40 இலட்சம். பெட்டியில் போடாமல் வீட்டில் அடுக்கி வைத்திருந்தால்? 100 மூடைக்கு 40, காசு 10, மொத்தம் 50 இலட்சம். பத்து இலட்சம் காற்றில். இதற்கு இம்பெர்மனன்ட் லொஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், நிரந்தரமில்லாத நட்டமாம். விலை பழைய இடத்துக்கு வந்தால் சரியாகிவிடும் என்பதால் அந்தப் பெயர். வராவிட்டால் நிரந்தரம்தான்.

ஸ்டேபிள்கொயின், அதாவது விலை ஆடாமல் டொலரோடு ஒட்டி நிற்கவேண்டிய நாணயம், எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியவந்தது 2022இல். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360க்குப் போனபோது, கையில் இருக்கும் ரூபாவை எப்படியாவது டொலராக்க வேண்டும் என்று பெடியள் யூஎஸ்டிடி தேடினார்கள். ஒரு டோக்கன் ஒரு டொலர் என்று நிற்பதற்கான வழிகளில் இரண்டைச் சொல்கிறேன். ஒன்று, கம்பனி உண்மையான டொலரையும் அரச முறிகள் போன்ற சொத்துகளையும் வைத்துக்கொண்டு அதற்குச் சமனாக டோக்கன் வெளியிடுவது. யூஎஸ்டிடி, யூஎஸ்டிசி இந்த வகை, இவற்றின் கம்பனிகளால் உங்கள் கிரிப்டோ முகவரியை (கணக்கு இலக்கம் போன்றது) முடக்கவும் முடியும். அதாவது ஒரு திறப்பு அவர்களிடமும் இருக்கிறது. மற்றது, அப்படி டொலர் இருப்பு இல்லாமல் கணக்கு வித்தையால் நிறுத்துவது. யூஎஸ்டி (UST, அமெரிக்க டொலரின் USD இல்லை) என்று ஒன்று, அதன் சோடி லூனா என்ற இன்னொரு நாணயம். அதில் போட்டால் ஆண்டுக்கு 20 வீதத்துக்குக் கிட்டத் தருகிறோம் என்றார்கள், உலகமே ஓடிப்போய்ப் போட்டது. 2022 மே மாதத்தில் ஒரு கிழமைக்குள் இரண்டும் மண்ணாகின. தம்பி, அது ஆண்டுக்கு 20. உங்களிடம் சொல்லப்பட்டது மாதத்துக்கு 8.

வெளிநாட்டில் இருந்து உண்டியலில், வங்கியைத் தொடாமல் ஆள்மாறி, காசு வந்து பழகிய சனம் என்பதால் இதையும் சொல்லவேண்டியிருக்கிறது. முன்பின் தெரியாத ஆளுக்கு யூஎஸ்டிடி விற்று அவர் உங்கள் வங்கிக் கணக்கில் ரூபா போடும்போது, அந்த ரூபா யாரிடம் களவெடுத்தது என்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்குப் பொலிஸ் அந்தக் காசைத் தேடிவந்தால் முடங்குவது உங்கள் கணக்கு.

பிரிட்ஜையும் லேயர் 2ஐயும் ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஊரில் நாற்பது பேருக்கு வவுனியாக் கந்தோரில் அலுவல் என்றால் ஒருவர் எல்லாருடைய கடதாசியையும் கட்டிக்கொண்டு போய் ஒரே தடவையில் முடிப்பது மாதிரி, ஆயிரக்கணக்கான பரிமாற்றங்களை வெளியே செய்து சுருக்கத்தை மட்டும் எதீரியத்தில் பதிவது ரோலப். எதீரியத்தின் மேல் இரண்டாம் தட்டாக ஓடும் லேயர் 2களில் இப்போது அதுதான் முக்கியமானது, கூலியும் மிகக் குறைவு. பிரிட்ஜ் என்பது ஒரு சங்கிலியில் காசை அடகு வைத்து மறு சங்கிலியில் அதற்கான துண்டைப் பெறுவது. அடகுக்கடை உடைந்தால் துண்டு வெறும் கடதாசி. 2022 மார்ச்சில் ரொனின் என்ற பிரிட்ஜில் 60 கோடி டொலருக்கு மேல் போனது. அதற்கு ஒன்பது திறப்புகள், ஐந்து சேர்ந்தால் பெட்டி திறக்கும். ஐந்தையும் கள்ளர் எடுத்துவிட்டார்கள். கோயில் உண்டியலுக்குத் தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பூட்டுப் போடுவோமே, அதே மல்ட்டிசிக் யோசனைதான். ஆனால் மூன்று திறப்பையும் ஒரே ஆணியில் கொழுவி வைத்தால் என்ன பயன். கொள்ளை நடந்து ஆறு நாட்களுக்குப் பிறகு, ஒருவர் காசு எடுக்கப்போய் எடுக்க முடியாமல் முறையிட்டபோதுதான் அவர்களுக்கே தெரிந்தது.

இனிச் சீட் பிரேஸ். உங்கள் வொலெட் (கிரிப்டோவை வைத்துப் பாவிக்கும் செயலி) தொடங்கும்போது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்களைக் காட்டி எழுதி வைக்கச் சொல்லும். அதுதான் திறப்பு. போன் வெறும் பூட்டு, போன் உடைந்தாலும் அந்தச் சொற்கள் இருந்தால் காசு இருக்கும். சொற்கள் இன்னொருவர் கையில் போனால் போன் உங்கள் சட்டைப்பையில் இருக்கும்போதே காசு போகும். சொற்கள் 2048 உள்ள ஒரே பட்டியலில் இருந்து வருபவை, முதல் நான்கு எழுத்திலேயே ஒன்றை மற்றதிலிருந்து பிரித்து அறியலாம்.

போன வருடம் விசுவமடுப் பக்கத்தில் இருந்து ஒரு ஐயா கடைக்கு வந்தார். சுவிஸில் இருக்கும் மகன் கொஞ்ச ஈதர் போட்டு வைத்த போன் வாய்க்காலில் விழுந்து செத்துவிட்டது. சொற்களை விதைநெல் கணக்குக் கொப்பியின் பின்மட்டையில் எழுதியிருந்தார், அது நல்ல வேலை. கொப்பியைக் கறையான் தின்றிருந்தது, அது கெட்ட வேலை. பன்னிரண்டில் பதினொரு சொல் வடிவாகத் தெரிகிறது, ஏழாவது சொல்லில் சீ, ஏ என்ற இரண்டு எழுத்து மட்டும் மிச்சம். ஐயா கதிரை நுனியில் இருந்துகொண்டு மட்டையையே பார்த்தபடி இருந்தார். நான் இணையத்தைக் கழற்றிவிட்ட பழைய மடிக்கணினியில் வேலையைத் தொடங்கினேன். அந்த இரண்டு எழுத்தில் தொடங்கும் சொற்கள் பட்டியலில் நாற்பதுக்குச் சற்று மேல். கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு எண் ஒளிந்திருக்கும், அதனால் குருட்டுத்தனமாகப் போடும் சேர்க்கைகளில் பதினாறில் ஒன்றுதான் செல்லும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்ததில் மூன்று தேறின. மகனிடம் வட்ஸ்அப்பில் வாங்கிய வொலெட் முகவரியோடு ஒத்துப்பார்க்க இரண்டாவதிலேயே பொருந்தியது. சொல் என்ன தெரியுமா, "கேட்டில்" (cattle), மாடு. கறையான் தின்றது மாட்டை என்று சொன்னேன், ஐயா சிரிக்கவில்லை, தண்ணீர் கேட்டார். இரண்டு சொல் முழுதாகப் போயிருந்தால் நாற்பது இலட்சம் சேர்க்கை, அதையும் கணினி செய்யும். நான்கு போயிருந்தால் என் கடையில் முடியாது. வேலை முடிந்ததும் அங்கேயே புதுச் சீட் பிரேஸ் எடுக்க வைத்து, நான் திரும்பி நிற்க, அவரையே எழுதவிட்டு, காசைப் புது முகவரிக்கு மாற்ற வைத்தேன். பழைய சொற்களை நான் பார்த்துவிட்டேனே. அந்தத் திறப்பு இனி அவருடையது மட்டும் இல்லை.

கிரிப்டோ வாங்கி விற்கும் கம்பனியான எக்ஸ்சேஞ்சில் வைத்திருந்தால் இந்தத் தலையிடி இல்லை, உண்மை, ஏனென்றால் அங்கே திறப்பே உங்களிடம் இல்லை. மவுன்ட் கொக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்சில் எட்டரை இலட்சம் பிட்கொயின் காணாமல் போனது 2014இல் தெரியவந்தது, பிறகு இரண்டு இலட்சம் மட்டும் கண்டெடுத்தார்கள். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் என்ற இன்னொரு எக்ஸ்சேஞ் விழுந்தது, அதை நடத்திய சாம் பாங்க்மன்-ஃப்ரைடுக்கு 25 வருடச் சிறை. சிறு காசை வாங்கி விற்க எக்ஸ்சேஞ் பரவாயில்லை. நீண்ட நாள் வைக்கிறதென்றால் இணையத்தோடு ஒட்டாத கோல்ட் (cold) வொலெட்.

நாட்டுச் சட்டமும் ஒரு வரி. இலங்கையில் கிரிப்டோ சட்டபூர்வ நாணயம் இல்லை. மத்திய வங்கி 2018இல் இருந்து பல தடவை எச்சரித்திருக்கிறது, காசு போனால் அதனிடம் முறையிட்டு மீட்க வழியில்லை. ஆள் சேர்த்தால் தரகு என்று வரும் பிரமிட் திட்டங்கள் வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின் கீழ் குற்றம். நடத்துபவர் மட்டுமல்ல, ஆள் சேர்த்துவிடுபவரும் மாட்டலாம். உங்கள் கூட்டத்தில் "மூன்று பேரைக் கொண்டுவந்தால்" என்று பேச்சு வந்ததா என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை. எதீரியத்தில் ஒவ்வொரு வலிடேட்டருக்கும் ஒரு இலக்கம் உண்டு. அந்த இலக்கத்தை வைத்து அது எப்போது தொடங்கியது, எத்தனை ஈதர் இருக்கிறது, நேற்று எவ்வளவு வருமானம் வந்தது, வெளியே எடுக்கும் காசு எந்த முகவரிக்குப் போகிறது என்று யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மறைக்கவே முடியாது, கொப்பி எல்லோருடையதும்தானே. மண்டபத்தில் பேசியவருக்குப் போன் எடுத்து "அண்ணை, எங்கட காசு போடுகிற வலிடேட்டரின் இலக்கம் என்ன?" என்று கேளுங்கள். வேறு ஒன்றும் கேட்கவேண்டாம். தந்தால் கடைக்குக் கொண்டுவாருங்கள், ஆறு மணிவரை இருப்பேன், இரண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். "அது கம்பனி இரகசியம்" என்றால் அதையும் எனக்கு எழுதுங்கள். உங்கள் பட்டியலில் கடைசியாக இருந்த ரக் புல்லுக்கு, அதாவது காசைச் சேர்த்துவிட்டு நடத்துபவரே காலடிக் கம்பளத்தை உருவிக்கொண்டு ஓடுவதற்கு, நான் இன்னும் உதாரணம் சொல்லவில்லை.